நெல்வயற் சேறும் ஊர்க் கழிவுநீரும்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்கு, நைட்ரஜன் என்னும் தழைச்சத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கொழிஞ்சித் தழை, தொழு எரு, யூரியா ஆகிய எல்லாவற்றையும் வயலுக்குச் சுமப்பது பெரும்பாலும் அச்சத்தின் பொருட்டே. ஆயினும், நீர் கட்டிய வயலில் இடும் யூரியாவின் நைட்ரஜனில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரையில்தான் சாதாரணமாகப் பயிர் எடுத்துக்கொள்ளுகின்றது. எஞ்சியதில் கொஞ்சம் மண்ணில் தங்கும். கொஞ்சம் அமோனியாவாக ஆவியாகும். கொஞ்சம் நீரோடு வடிந்துபோகும். ஒரு பங்கு சேற்றிலுள்ள கிருமிகளால் மாறுதலடைந்து, ஒன்றுக்கும் உதவாத வெறும் நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் கலந்துவிடும்.

வயலில் நஷ்டமாகக் கருதப்படும் இக்கடைசிக் காரியத்தையே, நகரங்களின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சில நிலையங்களில் பெரும் பணம் செலவிட்டு, வேண்டுமென்றே நடத்துகின்றனர். சாக்கடைநீரில் கரைந்துள்ள நைட்ரஜனை ஆற்றில் விடாமல் காற்றில் விட்டுவிடுவதே அங்கு நோக்கம். இரண்டு இடங்களிலும் வேலை செய்யும் கிருமிகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேலைக்குரிய விதிகளும் ஒன்றே. ஆகவே, தொளியில் கால் வைத்துப் பழகியவருக்குக் கழிவுநீர் நிலையத்தின் வேலையை விளங்கிக்கொள்வது கடினமன்று. கரையோர ஊர்களின் கழிவுநீர் ஆற்றிலும் கால்வாய்களிலும் சேர்ந்து, கடைசியில் கீழ்மடை வயல்களுக்கே வந்து பாயும் இக்காலத்தில், இவ்விஷயத்தை அறிந்துகொள்வது விவசாயிகளுக்கு மிகவும் அவசியமாகின்றது.

சேற்றிலுள்ள இரண்டு அடுக்குகள்

நடவு முடிந்து இரண்டு மூன்று வாரம் நீர் நின்ற வயலில், சேற்றைக் கலைக்காமல் ஒரு கண்ணாடிக் குழாயை அழுத்தி எடுத்துப் பார்க்கலாம். மேற்புறத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் பழுப்பு நிறமான மண் இருக்கும். அதன்கீழ் மண் முழுவதும் சாம்பல் நிறமாகவோ கருநீலமாகவோ காணப்படும். மேலுள்ள ஏடு போன்ற அடுக்குக்கு, நீரின் வழியாகக் காற்றிலுள்ள பிராணவாயு சிறிது கிடைக்கின்றது. ஆகையால் அங்குள்ள இரும்பு துருவேறிப் பழுப்பாகின்றது. கீழடுக்கிலோ பிராணவாயு இல்லை.

கிருமி என்றவுடன் நோய் உண்டாக்கும் ஜந்து என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். இங்கு சொல்லப்படுவன அத்தகையவை அல்ல. மேலடுக்கில் வாழும் ஒருவகைக் கிருமிகள், யூரியாவிலிருந்தும் தழையிலிருந்தும் உண்டான அமோனியாவைப் பிராணவாயுவோடு சேர்த்து நைட்ரைட்டு என்னும் பொருளாக்கும். வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக்கும். இவை மிகவும் மெதுவாகப் பெருகுபவை; காற்றில்லாமல் வேலை செய்யமாட்டா. அமோனியா களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் இயல்புடையது. நைட்ரேட்டுக்கு அவ்வியல்பு இல்லை. நீரோடு சேர்ந்து எளிதில் கீழே இறங்கிவிடும். அங்குதான் வேறு கிருமிகள் காத்திருக்கின்றன. இவை வைக்கோல், தாள், தழை முதலியவற்றைத் தின்று வாழ்பவை. மூச்சுக்குப் பிராணவாயு கிடைக்காதபோது, நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்ளும். அப்பொழுது தனித்துவிடப்பட்ட நைட்ரஜன் குமிழியாக மேலெழுந்து காற்றோடு போய்விடும்.

ஆகவே இந்த நஷ்டத்துக்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும்: முதலில் காற்றுள்ள இடம், அடுத்துக் காற்றில்லாத இடம், அங்கே கிருமிகளுக்குத் தீனி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் நடவாது. கழிவுநீர் நிலையத்தின் ரகசியம் முழுவதும் இம்மூன்றில் அடங்கியிருப்பதால், வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

அமோனியா நைட்ரேட்டாவது உயிருள்ள கிருமிகளின் வேலையே என்பது முதலில் தெரியவந்ததும் சாக்கடைநீரைக் கொண்டேயாகும். பிரான்ஸ் தேசத்தில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், 1877-ம் ஆண்டில், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியாகக் கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினர். சுமார் 20 நாள் வரையில் அமோனியா அப்படியே வெளிவந்தது. பிறகு நைட்ரேட்டு தோன்றலாயிற்று. வெறும் ரசாயன மாறுதலாயிருந்தால் முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் வேலை நின்றுபோயிற்று. அதனை நீக்கிவிட்டுச் சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியதும் மறுபடி தொடங்கிற்று. அக்கிருமிகளைத் தனியே பிரித்தெடுத்தவர் ருஷ்ய நிபுணர் வினோகிராட்ஸ்கி. அது 1890-ம் ஆண்டில். நைட்ரேட்டை வாயுவாக்கும் கிருமிகளைப் பற்றிக் கேயோன், டுபெட்டி என்பவர்கள் 1880-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஆராய்ந்தனர்.

நெற்சேற்றின் வாயுக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் சென்னை ராஜதானிக்கு முக்கியமான பங்கு உண்டு. விவசாய இலாகாவின் ரசாயன நிபுணராகக் கோயமுத்தூரில் வேலை பார்த்த ஹாரிஸனும், அவருடன் இருந்த பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும், 1913-ம் ஆண்டு முதல் வெளியிட்ட தங்கள் நூல்களில், சேற்றிலிருந்து எழும் குமிழிகளில் மீதேன் வாயுவும் நைட்ரஜனும் மிகுந்திருப்பதைக் காட்டினர். மண்ணின் மேற்பரப்பில் படிந்துள்ள மெல்லிய உயிர்ப்படலம் கீழிருந்து வரும் வாயுக்களை மாற்றுகிறதென்பதையும் எடுத்துக் காட்டினர். இரண்டு அடுக்குகளுக்கும் இடையே நைட்ரஜன் நஷ்டமாகும் வகையைப் பின்னர் ஜப்பானில் ஷியோயிரி என்பவர் தெளிவாக்கினார். அமோனியா உரத்தை மேல் நீரில் தூவாமல், சேற்றுக்குள் ஆழமாகச் சேர்க்க வேண்டும் என்னும் சிபாரிசு அதிலிருந்து பிறந்ததே.

இந்த ஜில்லாவின் வழக்கத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். பிசானம் அறுவடையான பின், காருக்கு நீர் வரும் வரையில் வயல் உலர்ந்து கிடக்கின்றது. கோடை உழவினாலும் இடைமழையாலும் அம்மண்ணில் நைட்ரேட்டு உண்டாகிச் சேர்கின்றது. ஜூன் மாதத்தில் கால்வாய் திறந்து நீரைக் கட்டியதும், அது முழுவதும் மேற்கூறிய வகையில் சில நாட்களுக்குள் பறந்துபோகும். பிசானத் தாளில் கொழிஞ்சியை விதைத்துக் கோடை முழுவதும் நிற்க விட்டால், மண்ணில் உண்டாகும் நைட்ரேட்டைக் கொழிஞ்சி உறிஞ்சித் தழையாக்கிவிடும். காற்றிலிருந்தும் தன் வேர்முடிச்சுகளால் சேர்த்துத் தரும். அதனை மடக்கி உழும்போது நைட்ரஜன் மண்ணில் நிற்கின்றது. முன்னோர் காரணம் சொல்லாமல் செய்துவந்தனர், செய்தது சரியே.

கழிவுநீர் நிலையத்தில் நடப்பது

இனி, வயலில் தவிர்க்கப்படும் மூன்று பொருத்தங்களையும் ஒரு தொட்டிக்குள் வரிசைப்படுத்தி அமைத்தால் அதுவே கழிவுநீரில் நைட்ரஜன் போக்கும் ஏற்பாடாகும். இதற்கு அடிப்படையான முறை 1914-ம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்பவர்களால் வெளியிடப்பட்டது. கழிவுநீரில் காற்றை ஊதிக்கொண்டேயிருந்து, அடியில் படியும் வண்டலை எறிந்துவிடாமல் அடுத்த தடவை வரும் கழிவுநீரோடு சேர்த்துச் சேர்த்து வந்தால், சில வாரங்களில் அவ்வண்டல் கிருமிகள் நிறைந்ததாகி, மிக விரைவில் நீரைச் சுத்தம் செய்கிறதென்று அவர்கள் கண்டனர். தயிருக்கு உறை வைத்துக்கொள்வது போன்றது இது. உயிர்ச்சேறு என்று அதனை அழைக்கலாம். அவ்விருவருக்கும் வழிகாட்டியாயிருந்த பௌலர் என்பவர், 1916-ம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து, கழிவுப் பொருள்களை எருவாக்குவதிலும் நாட்டம் செலுத்தினார்.

காற்று ஊதும் தொட்டி மட்டும் இருந்தால், அமோனியா நைட்ரேட்டாகும்; அவ்வளவே. நைட்ரஜன் உருமாறியதேயன்றி நீங்கவில்லை. நைட்ரேட்டைக் காற்றில்லாத தொட்டிக்கு அனுப்ப வேண்டும். காற்றுத் தொட்டிக்குப் பின்னால் அத்தொட்டியை வைப்பதே யாருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் சங்கடம்: காற்றுத் தொட்டியைக் கடப்பதற்குள் சாக்கடையிலிருந்த தீனி முழுவதும் தீர்ந்துவிடுகின்றது. பட்டினிக் கிருமிகள் நைட்ரேட்டைத் தொடுவதில்லை. வெளியிலிருந்து சாராயமோ வெல்லப்பாகோ வாங்கி ஊற்ற வேண்டும். இதற்கு அமெரிக்காவில் லட்ஸாக், எட்டிங்கர் என்பவர்கள் 1962-ல் ஒரு யுக்தி சொன்னார்கள். காற்றில்லாத தொட்டியை முன்னே வைத்து, புதிய சாக்கடைநீரை நேரே அதில் விட்டு, பின்னுள்ள காற்றுத் தொட்டியிலிருந்து நைட்ரேட்டு நிறைந்த நீரைப் பம்பு வைத்து முன் தொட்டிக்குத் திருப்புவதே அது. தீனியும் நைட்ரேட்டும் அங்கே சந்திக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் பார்னார்டு என்னும் பொறியியல் நிபுணர் 1973-ல் அதனை மேலும் திருத்தியமைத்தார். இன்று பல தேசங்களிலும் கட்டப்படுபவை பெரும்பாலும் இதன் வகைகளே. சில இடங்களில் ஒரே தொட்டியில் சிறிது நேரம் காற்றை ஊதியும், சிறிது நேரம் நிறுத்தியும் அதே பலனைப் பெறுகின்றனர். நீரைக் கட்டியும் வடித்தும் பாய்ச்சும் வயலை அது நினைவூட்டும்.

எவ்வளவு நைட்ரஜன் நீங்கும் என்பது எவ்வளவு நீர் திருப்பப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வரும் கழிவுநீரைப் போல் மூன்று மடங்கு திருப்பினால், நான்கில் மூன்று பங்கு நீங்கலாம்; எஞ்சிய ஒரு பங்கு நைட்ரேட்டாக வெளியே போகும். அதிகமாகத் திருப்பினால் மின்சாரச் செலவு ஏறும். அன்றியும் காற்றுத் தொட்டியின் பிராணவாயுவும் கூடவே வந்து முன் தொட்டியைக் கெடுத்துவிடும்.

ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்குவதற்கு 4.57 கிராம் பிராணவாயு வேண்டும். காற்றூதும் யந்திரத்துக்கு ஆகும் மின்சாரமே நிலையத்தின் பெருஞ்செலவு. மேலும், அந்த ஒரு கிராமுக்கு 7.14 கிராம் சுண்ணாம்புக்கல் அளவுக்கு நீரின் காரத்தன்மை செலவாகின்றது. காரம் தீர்ந்தால் நீர் புளித்து, கிருமிகள் வேலையை நிறுத்திவிடும். நைட்ரேட்டு வாயுவாகும்போது செலவான பிராணவாயுவில் 2.86 கிராமும், காரத்தில் பாதியும் திரும்பக் கிடைக்கின்றன. நைட்ரஜனைப் போக்குவது பணச்செலவே என்று சொல்பவர்கள் இந்த வரவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த நாட்டின் வெப்பம் இவ்வேலைக்கு மிகவும் அனுகூலம். குளிர் தேசங்களில் நைட்ரேட்டாக்கும் கிருமிகளை வளர்க்க வண்டலை இரண்டு வாரத்துக்கு மேலும் தொட்டியில் வைத்துக் காக்க வேண்டியிருக்கும். இங்கே சில நாட்களே போதும். ஆனால் அவை மெதுவாகப் பெருகுபவை என்பதால், வண்டலை அளவுக்கு மீறி வெளியேற்றினால் கூட்டத்தோடு அழிந்துபோகும். மறுபடி உண்டாக வாரக்கணக்கில் ஆகும். மின்சாரம் நின்று காற்று நீண்டநேரம் தடைப்பட்டாலும், அமோனியா அப்படியே வெளியே செல்லும். வேலை ஒழுங்காக நடக்காத நிலையங்களில் இன்னொரு குறியும் காணலாம்: கடைசியில் தெளிவதற்கான தொட்டியில் வண்டல் அடியில் தங்காமல் கட்டி கட்டியாக மேலே மிதந்து வரும். அங்கே காற்றுக் குறைந்து, நைட்ரேட்டு வாயுவாகி, அக்குமிழிகள் வண்டலைத் தூக்குகின்றன. நெல்வயலில் பாசிப்படலம் மண்ணோடு பெயர்ந்து மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாயிராது.

செப்டிக் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் காற்றே இல்லை. ஆகையால் நைட்ரேட்டு உண்டாவதில்லை. அமோனியா குறையாமல் வெளிவருகின்றது. வடிநீர் தெளிவாயிருப்பதைக் கண்டு சுத்தமாகிவிட்டதென்று நம்புவது தவறு.

ஆறும் கால்வாயும்

ஒரு மனிதரிடமிருந்து நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜன் கழிவாக வெளியேறுகின்றது. 2011-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி அம்பாசமுத்திரம் நகராட்சியில் சற்றேறக்குறைய 35,000 ஜனங்கள் இருந்தனர். அத்தனை பேருடைய கழிவிலும் நாள்தோறும் 350 கிலோ நைட்ரஜன், அதாவது 45 கிலோ யூரியா மூட்டை பதினேழுக்குச் சமமான சத்து இருக்கும். அவ்வளவும் ஆற்றை அடைவதில்லை. உறைகுழிகளிலும் மண்ணிலும் ஒரு பங்கு நின்றுவிடும். ஆயினும், பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல் வரையில், இரு கரையிலும் உள்ள ஊர்களைச் சேர்த்து நினைத்துப் பார்த்தால் விஷயத்தின் பெருமை விளங்கும். வெள்ள காலத்தில் இது தெரியாது. கோடையில் அணைக்கட்டுகளுக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கும்போது, ஆகாயத்தாமரை, அதாவது இப்பக்கத்தார் அமலை என்பது, படர்ந்து மூடிக்கொள்வதைக் காணலாம். அதற்குச் சாக்கடையின் நைட்ரஜனும் மணிச்சத்துமே எரு.

அமோனியா மிகுந்த நீரில் மீன் பிழைப்பதில்லை. நைட்ரேட்டாக்கும் கிருமிகள் ஆற்றிலேயே தங்கள் வேலையைச் செய்யத் தொடங்கி, நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. இந்நதியின் மணலில் அமைந்த உறைகிணறுகளிலிருந்தே திருநெல்வேலி, தூத்துக்குடி முதலிய ஜில்லாக்களில் பல லட்சம் ஜனங்கள் குடிநீர் பெறுகின்றனர். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருக்கலாகாதென்பது இந்திய நியமம். மிகுந்தால் கைக்குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைத் தாங்கமாட்டாமல் உடல் நீலம் பாரிக்கும். திருநெல்வேலி மாநகராட்சியின் கழிவுநீர் ராமையன்பட்டி நிலையத்துக்குச் செல்லும்படி ஏற்பாடு உண்டு. ஆனால் 2024-ல் அது நகரின் எல்லாப் பாகங்களையும் எட்டியிருக்கவில்லை. ஆற்றில் கழிவுநீர் கலப்பதைப் பற்றிய வழக்கில், மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் நீதிபதிகள் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டனர். கழிவுநீர் நிலையங்களிலிருந்து வெளிவிடும் நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் கூறியிருக்கின்றது. வெறும் குட்டைகளாலோ, காற்றூதும் தொட்டி ஒன்றினாலோ அந்த அளவை எட்டுவது அரிது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இதே நதிப் பள்ளத்தாக்கின் கடைசியில், தூத்துக்குடியில், 1975-ல் தொடங்கிய தொழிற்சாலையில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து யூரியாவாக்குகின்றனர். அதற்கு எரிபொருள் வேண்டும். குடியானவர் விலை கொடுத்து வாங்கி நெல்லில் சேர்த்த அந்தச் சத்தை ஊரார் உண்டு கழித்தபின், மறுபடி மின்சாரம் செலவிட்டுக் காற்றில் விடுவது புத்திசாலித்தனமா? நிலம் அருகில் இருக்கும்வரையில் அது வீண் செலவே என்று சொல்ல வேண்டும். மதுரையில் அவனியாபுரத்துப் பண்ணையில் நெடுங்காலம் கழிவுநீரைப் பாய்ச்சித் தீவனப்புல் வளர்த்தனர். பெங்களூரில் ஆச்சாரியா 1939-ல் வகுத்த முறைப்படி மலத்தையும் குப்பையையும் குழியில் அடுக்கி எருவாக்கினால் நைட்ரஜன் பெரும்பாலும் காக்கப்படுகின்றது. சிறு ஊர்களுக்கு இவையே தகுந்தவை. நிலம் போதாமல், நீரை ஆற்றில்தான் விட்டாக வேண்டும் என்னும் பெரிய ஊர்களில், நைட்ரஜனைப் போக்காமல் விடுவது கீழேயுள்ளவர்களுக்குத் தீங்காகும்.

கழிவுநீர் கலந்த மடையில் நெல் வைப்போர்

கழிவுநீர் சத்துள்ளதாயிற்றே, நெல்லுக்கு நல்லதுதானே என்று எண்ணுவோர் உளர். கணக்குப் பார்க்கலாம். ஒரு போகம் நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர் நீர் செலவாகின்றது. சாக்கடைநீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரஜன் என்று கொண்டால், அந்நீரை மட்டுமே பாய்ச்சும் வயலுக்கு ஏக்கருக்கு 190 கிலோவுக்கு மேல் சேரும். பயிருக்கு வேண்டுவதோ 50, 60 கிலோ. கால்வாயில் நான்கு பங்கு நல்ல நீரோடு ஒரு பங்கு சாக்கடை கலந்தாலும் ஏறக்குறைய 39 கிலோ வந்துவிடும். இதனை அறியாமல் வழக்கம்போல் யூரியாவையும் தூவினால், பயிர் கருத்துச் செழித்து, தண்டு நொய்ந்து, கதிர் முற்றும்போது சாய்ந்துவிடும். குலைநோயும் புகையானும் அப்படிப்பட்ட பயிரைத்தான் முதலில் தேடி வரும். 1986-ல் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியான ஏ.எஸ்.டி. 16 முதலிய எந்த ரகத்துக்கும் இது பொருந்தும்.

ஆகையால், சாக்கடை சேரும் மடையில் உள்ளவர்கள் அடியுரமாக யூரியா இடுவதை நிறுத்திவைத்து, நட்ட 14-ம் நாள் முதல் வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேராகப் படாமல் உடலின் நிழலில் பத்து இலைகளை ஒப்பிட்டுப் பார்க்கவும். பெரும்பாலான இலைகள் நான்காம் எண்ணின் நிறத்துக்கு வெளுத்திருந்தாலன்றி மேலுரம் வேண்டாம். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண். நீரை எப்போதும் தேக்கி வைக்காமல், வயல் மயிர்வெடிப்பு விடும் வரையில் காயவிட்டுப் பின் கட்டினால், மிகையான நைட்ரஜனில் ஒரு பங்கைச் சேறே போக்கிவிடும். கழிவுநீர் நிலையம் செய்யும் வேலையை வயல் இனாமாகச் செய்கின்றது. சத்துக் குறைந்த வயலுக்கு இம்முறையைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். அங்கே நீரை விட்டு விட்டுப் பாய்ச்சினால், யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்தே இட வேண்டும்.

மடை வாயில் வரப்போரமாக ஒரு சிறு பள்ளம் தோண்டி, அதில் சம்பும் கோரையும் வளர விட்டு, நீரை அதன் வழியாக வயலுக்கு விடுவது நல்லது. வண்டல் அங்கே தங்கும்; அதை ஆண்டுதோறும் கோடையில் வாரித் தென்னைக்கு இடலாம். அந்நீரில் கீரை, வெள்ளரி போன்ற பச்சையாக உண்பவற்றைப் பயிரிடலாகாது. களை எடுப்போர் காலில் புண் இருந்தால் இறங்கக் கூடாது. கரையேறியதும் நல்ல நீரில் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.